தண்ணி கொதிக்க வைச்சதார்?

எங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று ஊரைவிட்டு ஓடிப்போய்விட்டது. மார்கழி பிறந்தால் முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் வரைக்கும் கரையோரத்தில் எந்தக் கரோல் கோஷ்டியையும் அதைப் பாடாமல் வீட்டுக்காரர் விடமாட்டார்கள். பள்ளிக்கூட ஒளிவிழாக்களில் சின்னப்பிள்ளைகள் வெள்ளிச்சரிகைச் சிறகைக் கட்டிக்கொண்டு அதற்கு ஆடுகிறார்கள். கனடாவில் ஒரு தம்பி கோட்டுச் சூட்டுப் போட்டு, கீபோர்ட்டுக்கு முன்னால் கண்ணை மூடி, கொஞ்சம் அழுது, அதைப் பாடிப் போட்டிருக்கிறார். ஊரில் இருக்கிற எல்லாப் போனுக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது.

தண்ணி கொதிக்க வைச்சதார் – ஏலேலோ
தாய்க்கு முதுகு தடவினதார்
சீலை கிழிச்சுக் குடுத்ததார் – ஏலேலோ
சின்னவர் கண்ணைத் துடைச்சதார்

இவ்வளவுதான் பாட்டு. கேள்வியாகக் கேட்டுக்கொண்டு போகும், பதில் கிடையாது. வாயில் வந்த கேள்வியைச் சேர்த்து எவ்வளவு நேரமும் இழுக்கலாம். ஏன் அப்படி இழுபடுகிற பாட்டாக இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் யோசிப்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பாதர், “இந்தக் கேள்விகள் மனுக்குலத்தின் மனச்சாட்சியை நோக்கிக் கேட்கப்படுகின்றன” என்று பிரசங்கம் வைத்தார். கனடாத் தம்பி அது வன்னியின் பழைய நாட்டார் பாடல் என்கிறார். எங்கள் மூப்பர் – கோயில் காரியம் எல்லாவற்றையும் பார்க்கிற ஊர்ப்பெரியவர் – அதைத் தனக்கு ஒரு சம்மனசு வானத்திலிருந்து இறங்கி வந்து சொல்லித்தந்ததாகப் பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், வாயைப் பொத்திக்கொண்டு நிற்பேன். இனிப் பொத்த வேண்டியதில்லை. வாயைத் திறக்காதே என்று சொல்லவேண்டிய மூப்பர் வீட்டாரே, சொல்லு என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பாட்டு ஒரு மிட்வைஃபின் வாயிலிருந்து வந்தது. அதுவும் பாட்டாக வரவில்லை, ஏச்சாகத்தான் வந்தது.

நாங்கள் அவாவை மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டோம். ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்பு உடுத்த எல்லோருமே எங்களுக்கு மிஸ்ஸிதான். ஆனால் ‘மிஸ்ஸி வாறா’ என்று யாராவது ஒழுங்கையில் சத்தம் போட்டால் அது இவா ஒருவரைத்தான் குறிக்கும். வெள்ளைச் சீலை, நெற்றியில் மூன்று குறி திருநீறு, லேடீஸ் சைக்கிள், அதன் ஹாண்டிலில் பிள்ளை நிறுக்கிற தராசு. தகப்பனார் தீவுப்பக்கத்திலிருந்து வந்து புளியங்குளத்துக்கு உள்ளே குளத்துக் குடியேற்றத்தில் காணி எடுத்து வயல் செய்தவர். சுத்தச் சைவக் குடும்பம். கவர்ன்மென்ட் இந்த மனுசியைக் கொண்டுவந்து மீனும் கருவாடும் மாதா கோயிலுமாக இருந்த எங்கள் ஊரில் இறக்கியது. யார் செய்த பாவமோ தெரியாது, இரண்டு பக்கமும் அனுபவித்தது.

அவாவுக்குப் பாடத் தெரியாது. தேவாரம் சொன்னாலே பக்கத்து வீட்டு நாய் எழும்பிப் போய்விடும். அவாவுக்குத் தெரிந்தது குறை பிடிப்பது. கண்ணில் எது பட்டாலும் அதில் ஒரு பிழை தெரியும், தெரிந்ததை விழுங்கவும் தெரியாது. கிணற்றடிக்குப் போனால் கிணறு பிழை, குசினிக்குள் போனால் அடுப்பு பிழை, தொட்டிலைப் பார்த்தால் கயிறு பிழை. கலியாண வீட்டில் பொம்பிளையைப் பார்த்து, “வடிவாத்தான் இருக்கிறாய் பிள்ளை, ஆனால் ரத்தம் காணாது. நாளைக்குக் கிளினிக்குக்கு வா” என்று சொன்னவா. மாப்பிள்ளை வீட்டார் முகத்தைப் பார்க்கவேண்டும்.

வந்த முதல் வருடமே கோயிலில் நாங்கள் கட்டிய பாலன் குடிலைப் பார்க்க வந்தா. செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டுவிட்டு, இடுப்பில் கையை வைத்தா.

“பிள்ளை பெத்து ஒரு மணித்தியாலம் ஆகேல்லை, இவா முழங்காலிலை நிக்கிறா. இடுப்பு என்னத்துக்காகும்? படுக்க வையுங்கோ!”

“மிஸ்ஸி, அது மண்ணாலை செய்த மாதா சுரூபம். படுக்க வைக்கேலாது” என்றேன் நான்.

“அப்ப முதுகுக்கு ஒரு தலையணையாவது வையன்ரா. மாட்டுக் கொட்டிலுக்கை தொப்புள்கொடி அறுத்திருக்கு. மாதாவுக்கு ஏற்பூசி போட்டதோ?”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மாதாவுக்கு ஏற்பு வராமல் தடுக்கிற ஊசி போட்டதா என்று இரண்டாயிரம் வருடமாக ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவா மூன்று இராசாக்கள் பக்கம் திரும்பினா. “உவை என்ன கொண்டந்தவை?”

“பொன், தூபம், வெள்ளைப்போளம்.”

“ஒருத்தனுக்காவது நாலு பழந்துணி கொண்டுபோவம் எண்டு தோன்றேல்லையே? ஆம்பிளையளை அனுப்பினால் உதுதான்.”

எங்கள் பாதர் இளம் ஆள், பகிடி தெரிந்தவர். பின்னுக்கு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “அது சரி மிஸ்ஸி, உங்கட முருகன் நெருப்புப் பொறியிலை இருந்து சரவணப் பொய்கையிலை விழுந்து பிறந்தவர். ஆறு பிள்ளையள். அதுக்கு ஆர் மிட்வைஃப்?”

மிஸ்ஸிக்குப் பதில் வரவில்லை. அவா பதிலில்லாமல் நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டா. அடுத்தநாள் காலைப் பூசை முடிய, கோயில் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா. “பாதர், ஆறு பிள்ளைக்கும் பால் குடுக்க ஆறு கார்த்திகைப் பெண்கள் வந்து நிண்டவை. எங்கட ஆக்கள் யோசிச்சுத்தான் செய்திருக்கினம். இராத்திரி முழுக்க யோசிச்சனான், இப்பதான் நிம்மதி.” சொல்லிவிட்டுப் போயே போய்விட்டா. பாதர் அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிந்தார். குடிலில் மாதாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னத் தலையணையும் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு மார்கழியில் கரோல் கோஷ்டி லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் புறப்படுகிற நேரம் அவாவும் வந்து அதன் இழுவைப்பெட்டியில் ஏறிக் குந்திவிட்டா.

“மிஸ்ஸி, நீங்கள் சைவமெல்லோ?” என்று யாரோ கேட்டார்கள்.

“வயித்துக்கை கிடக்கேக்கை சைவமோ வேதமோ எண்டு நான் கேக்கிறதில்லை. பாட்டுக்கு மட்டும் ஏன் கேப்பான்? வண்டியை எடு.”

அவாவுக்குப் பாட்டில் ஒரு ஆசையும் இல்லை என்பது இரண்டாவது வீட்டிலேயே விளங்கிவிட்டது. கிளினிக்குக்கு வராமல் ஒளிக்கிறவர்களும் கரோலுக்குக் கதவைத் திறப்பார்கள், அதுதான் சங்கதி. நாங்கள் விறாந்தையில் நின்று ‘பாலன் பிறந்தார்’ என்று தொடங்க, அவா குசினி வழியாக உள்ளே போய், குடிக்கிற தண்ணியை மணந்து பார்த்து, மருமகளின் கண்மடலை இழுத்துப் பார்த்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவா. விறாந்தை வளைமரத்தில் தராசைக் கொழுவுவது என் வேலை. நான்தான் நத்தார் பாப்பா. குரல் சரியில்லை என்று பாட்டிலிருந்து எடுத்து எனக்குப் பஞ்சுத்தாடி கட்டிவிட்டிருந்தார்கள். தாடியைக் கண்டு பிள்ளைகள் வீரிடும்.

“தள்ளி நில்லடா கோதாரி! பிள்ளை காலை உதறுது, நிறை பிழைக்குது.”

என் சாக்கில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ரொபி ஒரு பக்கம், அவாவின் இரும்புச்சத்துக் குளிசை ஒரு பக்கம். ஒரு வீட்டில் ரொபி என்று நினைத்து ஒரு கிழவருக்குக் குளிசையைக் கொடுத்துவிட்டேன். அவர் கடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். நான் பதறிப்போய் மிஸ்ஸியைப் பார்க்க, “தின்னட்டும், அந்தாளுக்கும் ரத்தம் காணாது” என்றுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தா.

எல்லாம் தெரிந்தவா என்று நினைத்துவிடாதீர்கள். என் மனுசி பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது வயிற்றைப் பார்த்து, “கூராய் இருக்கு, பெடியன்தான், எழுதி வை” என்றா. நானும் ஊரெல்லாம் சொல்லிப் பார்ட்டியும் வைத்துவிட்டேன். பிறந்தது பெட்டை. “பெடியன் எண்டியள், மிஸ்ஸி?” என்று கேட்டேன். “நான் சொன்னது சரி. உன்ரை பிள்ளைதான் பிழை விட்டிட்டுது” என்றா. இப்படியான மனுசியோடு என்ன கதைக்கிறது?

ஊரில் அவாவைக் கண்ணில் காட்டக்கூடாத ஆட்களும் இருந்தார்கள். வள்ளமும் வலையும் வைத்திருந்த ஒரு சம்மாட்டியின் மனுசியின் நிறையைக் கோயில் வாசலில் வைத்துச் சத்தமாகச் சொன்னதுக்கு அந்த மனுசி மூன்று வருடம் கதைக்கவில்லை. நான்காவது பிள்ளைக்கு நோ எடுத்தபோது மட்டும், “அவாவைக் கூப்பிடுங்கோ, வேற ஒருத்தரும் வேண்டாம்” என்றாளாம். மிஸ்ஸியும் போய், பிள்ளையை எடுத்துக் கொடுத்து, திரும்பவும் நிறையைச் சொல்லிவிட்டு வந்தா.

அவா அடிக்கடி சொல்லுகிற ஒன்று இருக்கிறது: “அழுகிற வீட்டுக்கு ஆறுதலாப் போகலாம். சத்தமில்லாத வீட்டுக்குத்தான் ஓடோணும்.” எனக்கு அப்போது அது சும்மா ஒரு கதையாகத்தான் பட்டது.

மிஸ்ஸி இப்போது இல்லை. பென்சன் எடுத்துக்கொண்டு தமையன் வீட்டோடு போய் இருந்தவா. போன வருடம் வைகாசி வெயிலில் செய்தி வந்தது, பிரஷர் என்றார்கள். நாங்கள் வான் ஒன்று பிடித்துப் போனோம். செத்தவீட்டில் ஓதுவார் பஞ்சபுராணம் பாடிக்கொண்டிருக்கிறார், நாங்கள் வேதக்காரர் ஒரு மூலையில் என்ன செய்கிறதென்று தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்கிறோம். தமையனார் கிட்ட வந்தார். “நீங்கள்தானே அந்தப் பாட்டுக்காரர்? அவள் உங்களை ஏசாத நாளில்லை. ஒருக்கால் பாடுங்கோ.”

வைகாசி மாதம், சைவச் செத்தவீட்டில், நத்தார்ப் பாட்டு. ஓதுவார் தேவாரப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கு இடம் விட்டார். ‘தண்ணி கொதிக்க வைச்சதார்’ என்று தொடங்கினோம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பெண் ஒருத்தி, ஏலேலோ வருமுதல், “எங்கட மிஸ்ஸி” என்று சொல்லிவிட்டாள். பிறகு எல்லாக் கேள்விக்கும் ஒவ்வொரு மூலையிலிருந்து அதே பதில் வந்தது. நான் வாய்விட்டு அழுதேன், எனக்கு அதில் வெட்கமில்லை. அந்த மனுசி எழும்பி, “சுதி இல்லாமல் அழாதை” என்று ஏசமாட்டாவா என்று இருந்தது.

சரி, பாட்டு வந்த கதைக்கு வருகிறேன்.

சண்டைக்கு இடம்பெயர்ந்து திரும்பி வந்து, வீடுகளுக்கு ஓடு ஏறிய காலம். அந்த மார்கழி விட்ட மழையில் முல்லைத்தீவுக்குப் போகிற றோட்டில் மதகுக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தது. பொழுதுபடுமுன் முடித்துவிட வேண்டும் என்று மத்தியானச் சாப்பாட்டோடேயே கரோலுக்கு இறங்கிவிட்டோம். பாட்டுக்குத் தலைமை கரைவலைத் தண்டல். வலை இழுக்கிற ஆட்களை மேய்க்கிற ஆள்தான் தண்டல், குரலெடுத்தால் கடலுக்குள் நிற்கிறவனுக்கும் கேட்கும். அதற்கு முந்தின சில வருடம் பெண்குரல் எடுத்துக்கொண்டிருந்தது மூப்பரின் மகள். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது, தேன் மாதிரிக் குரல். அந்த வருடம் அவள் இல்லை. ஆவணியிலேயே மன்னாரில் மாமி வீட்டுக்குப் போய்விட்டாள், மாமிக்குச் சுகமில்லை என்று மூப்பர் சொல்லியிருந்தார்.

கரோலில் எங்களிடம் ஒரு வழக்கம். பாலன் சுரூபத்தைத் தட்டத்தில் வைத்துக் கொண்டுபோவோம். வீட்டுக்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கி, பாட்டு முடியுமட்டும் வாசலில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு முதல் வருடம் ஒருவர் பாலனை ரிவிக்கு மேல் வைத்துவிட்டுப் போனில் கதைத்துக்கொண்டு நின்றார். மூப்பருக்கு வந்ததே கோபம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய மைக்கைப் பிடித்து, “பாட்டு முடியுமுன் பாலனைக் கையை விட்டு இறக்கிறவனுக்கு அந்த வருசம் வலையிலை ஒண்டும் படாது” என்று அறிவித்துவிட்டார். பாதருக்கே அது புதுச்செய்தி. ஆனால் கடலை நம்பி வாழ்கிற ஊரில் அப்படி ஒன்றைச் சொன்ன பிறகு யார் இறக்குவார்? நட்டநடுப் பாட்டில் மூக்குக் கடித்தாலும் ஒருவரும் கையை எடுக்கவில்லை.

மூப்பர் வீட்டுக்கு வந்தோம். மூப்பர் விறாந்தையில் பாலனை வாங்கினார். வழக்கமாக ஐந்து பாட்டுக் கேட்டு, ஐந்திலும் பிழை சொல்லுகிற மனிசன். அன்றைக்கு, “ஒண்டு காணும். மழை வருது, கெதியாப் பாடிப்போட்டுப் போங்கோ” என்றார். வீடு ஒரு சத்தமுமில்லாமல் இருந்தது. மூப்பரின் மனுசி ரோல்ஸ் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு கெதியாக உள்ளே போனா. மிஸ்ஸி ரோல்சைப் பார்க்காமல் உள்ளே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றா. நாங்கள் பாட்டைத் தொடங்க, அவா வழக்கம்போல் குசினிக்குள் போனா.

அங்கிருந்து வந்தது குரல். “தண்ணி கொதிக்க வைச்சது ஆர்?”

மூடி ஒன்று நிலத்தில் விழுந்த சத்தம் கேட்டது.

“அக்கா, உங்களைத்தான் கேக்கிறன். தேத்தண்ணிக்கோ இவ்வளவு பெரிய சருவம்? உதுக்குள்ளை ஏன் பழஞ்சீலை அவியுது? ஆருக்கு?”

மூப்பரின் மனுசி அழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு திறந்தது. பிறகு எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு குரல், மன்னாரில் மாமி வீட்டில் இருக்கவேண்டிய குரல், “அம்மா” என்று முனகியது.

பாட்டுத் தடுமாறியது. மூப்பரின் முகம் சாம்பலாகிவிட்டது. தட்டத்தைப் பிடித்தபடியே உள்ளே ஒரு அடி வைத்தார். “மிஸ்ஸி! அங்கை போகவேண்டாம்! வெளியிலை வாங்கோ!”

மிஸ்ஸி வெளியில்தான் வந்தா. மூப்பரைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தா. “நேற்றுத் தொடக்கம் நோவோடை கிடக்கிறாள். பிள்ளை இறங்கிப்போட்டுது, அவளுக்குத் தள்ளப் பலமில்லை. இப்ப தள்ளாட்டில் ரெண்டும் போயிடும். பாட்டை நிப்பாட்டினியளோ, பிறகு தெரியும்!”

பாட்டு முடிந்தால் மூப்பர் பாலனை இறக்கிவைப்பார். இறக்கிவைத்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும். அந்தக் கை யாரைப் பிடித்து எங்கே தள்ளும் என்று எங்களுக்கும் தெரியும், மிஸ்ஸிக்கும் தெரியும். தண்டல் முடியப்போன பாட்டைத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்.

“முடியுங்கோடா, உங்களைக் கும்பிடுறன், முடியுங்கோடா” என்றார் மூப்பர், பல்லுக்குள்ளால். கும்பிடவும் கை இல்லை. தட்டத்தோடேயே அறைப்பக்கம் திரும்பினார். அப்போது மூப்பரின் மனுசி, புருசனுக்கு முன்னால் ஒரு நாளும் குரல் உயர்த்தாத அந்த மனுசி, அறை வாசற்படியில் வந்து இரண்டு நிலையையும் பிடித்துக்கொண்டு நின்றா.

“உள்ளை வராதையுங்கோ. நாலு மாசமா நீங்கள் சொன்னபடி பூட்டி வைச்சன். என்ரை பிள்ளை சாகப்போறாள். இனி நீங்கள் சொன்னபடி இல்லை.”

மூப்பர் நின்ற இடத்தில் நின்றுவிட்டார். யாரோ அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தார்கள். மதகால் வரமுடியாது, சுற்றி வர நேரமெடுக்கும் என்று பதில் வந்தது. பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று கேட்கிறீர்களா? அவன் பிளேன் ஏறிவிட்டான், போன் நம்பரையும் மாற்றிவிட்டான். அவனைப் பற்றி எனக்கு ஒரு வரி எழுதவும் விருப்பமில்லை.

அறைக்குள்ளிருந்து மிஸ்ஸி கத்தினா. “உந்த ஆறின கஞ்சிப் பாட்டுக்கு இவள் தள்ளமாட்டாள்! வலை இழுக்கிற பாட்டொண்டு எடு தண்டல்!”

கரைவலை இழுக்கும்போது ஆட்கள் ஒன்றாக மூச்சுப்பிடித்து இழுப்பதற்கு அம்பாப் பாட்டுப் பாடுவோம். தண்டல் பாட, இழுக்கிறவர்கள் ஏலேலோ என்பார்கள். அடியெல்லாம் நல்ல அடி, சொல்லுத்தான் ஒரு பெண்பிள்ளை காதால் கேட்கக்கூடாது. தண்டல் மூப்பரின் கையிலிருந்த பாலனைப் பார்த்தார். மெட்டை எடுத்தார், சொல்லை விழுங்கினார். மெட்டு மட்டும் போகிறது, சொல்லுக்கு எங்கே போவது? சொல் உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தது.

“கொதிச்ச தண்ணி எங்கை? அக்கா, முதுகைத் தடவுங்கோ! சீலை கிழிச்சது ஆர்? கிழியாட்டில் பல்லாலை கிழியுங்கோ!”

தண்டல் அதைப் பிடித்தார். ‘தண்ணி கொதிக்க வைச்சதார்’ என்று எடுத்துவிட்டார். நாங்கள் ஏலேலோ என்றோம். ‘தாய்க்கு முதுகு தடவினதார்.’ ஏலேலோ. உள்ளே மிஸ்ஸி, “அதுதான்! அந்த ஏலேலோவுக்குத் தள்ளு! இன்னும் ஒருக்கால்!” என்றா. அவா ஏச ஏச, தண்டல் அடி கட்ட, நாங்கள் இழுக்க, பாட்டு நீண்டுகொண்டே போனது. கடலில் வலை கனத்தால் குரலும் கனக்கும். அன்றைக்கு எங்கள் குரல் அப்படித்தான் கனத்தது. நானும் தாடியை இழுத்துக் கழுத்தில் விட்டுவிட்டுக் கத்தினேன், குரல் சரியில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

எத்தனை அடி பாடினோமோ தெரியாது. மழை வந்து முதுகில் அடித்தது, ஒருவரும் விறாந்தைக்குள் ஒதுங்கவில்லை. ஒரு ஏலேலோவில் புதுக் குரல் ஒன்று சேர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். மூப்பர். தட்டம் கையில் அப்படியே இருக்கிறது, கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, வாய் மட்டும் ஏலேலோ என்கிறது. கோயில் மூப்பராக வருமுன் இருபது வருடம் கரைவலை இழுத்த உடம்பு அது. அந்த மெட்டுக் காதில் விழுந்தால் சும்மா நிற்காது. பிறகு அவர் எங்களைப் பாட்டை முடிக்கச் சொல்லவில்லை.

உள்ளே ஒரு பெரிய கத்தல் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. பிள்ளையின் சத்தமும் இல்லை. எங்கள் குரல் தானாகவே இறங்கியது.

“பாடுங்கோடா!” என்று மிஸ்ஸி அலறினா. அதே மூச்சில் பிள்ளைக்கும் ஏச்சு விழுந்தது. “அழடி! ஆரைப் பார்த்துப் பயந்து வாயை மூடிக்கொண்டு கிடக்கிறாய்? உன்னை ஆரும் ஒளிக்கேலாது. அழு! ஊருக்குக் கேக்க அழு!”

பிள்ளை அழுதது. ஊருக்குக் கேட்கத்தான் அழுதது. தண்டல் அழுதுகொண்டு பாடினார், நாங்களும் அப்படித்தான். ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லையே, அதனால் பாடிக்கொண்டே நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் மிஸ்ஸி வெளியே வந்தா. சீலை நனைந்து, திருநீறு வியர்வையில் கரைந்து ஒழுக, கையில் பழஞ்சீலைத் துண்டில் சுற்றிய ஒரு சிவந்த முகம். நேரே மூப்பருக்கு முன்னால் போய் நின்றா.

“மோள் நல்லா இருக்கிறாள், தேத்தண்ணி கேக்கிறாள். உதைக் கீழை வையுங்கோ. இதைப் பிடியுங்கோ.”

மூப்பர் பிள்ளையைப் பார்த்தார். தட்டத்தைப் பார்த்தார். “பாட்டு இன்னும் முடியேல்லை, மிஸ்ஸி” என்றார். குரல் உடைந்து, சின்னப்பிள்ளை மாதிரி.

மிஸ்ஸி எங்கள் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தா. நாங்கள் நட்டநடு அடியில் பாட்டை நிறுத்தினோம்.

மூப்பர் தட்டத்தை என் கையில் தந்தார். இரண்டு கையையும் சாரத்தில் துடைத்தார், திரும்பவும் துடைத்தார், பிறகு நீட்டினார்.

“தலையைத் தாங்கிப் பிடியுங்கோ மூப்பர்!” என்று ஏசினா மிஸ்ஸி. “இது சுரூபம் இல்லை, கழுத்து நிக்காது!”